ஓடைக்கு அடியில் ஆள் இருக்கிறான்

புதிதாகச் சுகாதார விசிட்டராக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி எங்கள் டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். அவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், சொல்வதில் ஒரு தெளிவு இருக்கும். எனக்கு இரண்டும் இல்லை. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்றான பிறகு வேலையை விட்டுவிட்டு, சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறேன். உங்களில் சிலருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவாக இருக்கும். புத்தி சொல்ல நான் யார் என்று இரண்டு முறை எழுதியதைக் கிழித்துப் போட்டேன். பிறகு, கேட்டதைச் செய்யாமல் இருப்பதும் சரியில்லை என்று மறுபடி உட்கார்ந்தேன்.

தொப்புள்கொடியை எப்படிக் கட்டுவது, குழந்தையை எப்படி எடை போடுவது, அம்மை குத்த ஆள் வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் தாயிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் ஒரு சாக்கடையைப் பற்றி எழுதப் போகிறேன். அது நம் இலாகா இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். இதே வார்த்தையை என்னிடம் சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது. ஆகவே இது கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. மல்லசமுத்திரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் அப்படிப்பட்ட ஊர்கள் பல உண்டு. ஒரு பக்கம் மேடு, அதில் மேட்டுத்தெரு என்று வசதியான வீடுகள். தெருவின் நடுவில் மாரியம்மன் கோவில். மேடு இறங்கினால் மணல் ஓடை. ஓடைக்கு அந்தக் கரையில் குடிசைகள். குடிசைகளைத் தாண்டினால் முனிசிபாலிடியின் புல் பண்ணை. மேட்டுத்தெருச் சாக்கடைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பண்ணைக்குத்தான் போகவேண்டும். நடுவில் ஓடை இருக்கிறதே, எப்படிப் போகும்? ஓடை மணலுக்கு அடியில் செங்கலால் ஒரு வளைவுக் குழாய் கட்டியிருந்தார்கள். ஓர் ஆள் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து போகலாம். மேலே மணல் மூடியிருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஓடையில் மழைக்காலத்தில் சில நாள்தான் தண்ணீர் ஓடும். மற்ற நாளில் மணலைத் தோண்டி ஊற்றெடுப்பார்கள். குழிக்குள் கசியும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குடிசைக்காரர்களுக்கு ஒரு பக்கம் ஊற்று, மற்றவர்களுக்கு ஒரு பக்கம். எங்கள் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான் வந்தது. அதைக் காய்ச்சி, ஆற்றி, மறுபடியும் சந்தேகப்பட்டு இன்னொரு தரம் காய்ச்சி என் மகளுக்குக் கொடுப்பேன். என் மாமியார் சிரிப்பார்.

அந்த வருஷம் கிணறுகள் வற்றிவிட்டன. பங்குனியில் அம்மன் நோன்பு வந்தபோது, சாமிக்கென்று யார் கையும் படாத தனி ஊற்று வேண்டும் என்று மேட்டுத்தெரு ஆட்கள் ஓடையின் மேல்பக்கம் புதிதாகத் தோண்டினார்கள். தண்ணீர் வரவில்லை. இன்னும் ஆழமாகப் போனார்கள். கடப்பாரையில் செங்கல் தட்டுப்பட்டது. எந்தக் காலத்திலோ மூடிப்போன அம்மன் கிணறு என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பக்தியோடு செங்கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்து என்ன வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தவர்கள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சாக்கடைக்குக் கற்பூரம் காட்டினோம் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? அவர்கள் ஏமாந்ததில் எனக்குக் கோபம் இல்லை. யாரும் ஏமாந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டார்களே, அதுதான். எனக்கே இது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மேலே கொட்டிய மணலின் பாரத்தில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இடிந்தது. குழாய் அடைத்துக்கொள்ள, சாக்கடைத் தண்ணீர் மணலுக்குள் பரவிக் கீழ்ப்பக்கத்து ஊற்றுகளில் கசிந்தது. மணல் வடிகட்டிவிடுவதால் பார்க்கத் தெளிவாகவே இருந்தது. சித்திரைக் கடைசியில் குடிசைகளில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. இரண்டு குழந்தைகள் என் கண் முன்னாலேயே போயின. இரண்டையும் பிறந்த அன்று எடை போட்டவள் நான்.

எல்லாக் குடிசைக்கும் பொதுவாக இருந்தது அந்த ஊற்றுகள்தான். முனிசிபாலிடி ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். "உங்களுக்குப் பிரசவம், குழந்தை. தண்ணீர் வேறே இலாகா, சாக்கடை வேறே இலாகா" என்றார் ஒருவர். அடுத்த மேஜைக்குப் போனேன். "அவங்க பழையதைத் தின்னுட்டுப் பேதியாகிறதுக்கு ஓடை என்னம்மா செய்யும்?" என்றார் அவர். வீட்டுக்கு வந்து, நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். மறுநாள் மறுபடியும் போனேன். மூன்றாம் தரம் போனபோது ஓவர்சீயர் என்னோடு ஓடைக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், பயந்த சுபாவம். மணலில் பள்ளம் விழுந்திருந்த இடத்தில் கழியை விட்டுப் பார்த்தார்.

"இது இன்னும் ரெண்டு நாள் தாங்கினா அதிகம்மா" என்றார். மலைப்பக்கம் கோடை மழைக்கு மேகம் கட்டியிருந்தது. ஓடையில் தண்ணீர் வந்தால் அந்த ஓட்டை வழியாக மணல் முழுக்க உள்ளே போய்க் குழாய் முழுதும் மூடிக்கொள்ளும். பிறகு மேட்டுத்தெருவின் கழிவெல்லாம் குடிசைகளுக்குள்தான் போகும்.

மறுநாளே வேலை என்று முடிவாயிற்று. வேலை இதுதான்: ஓர் ஆள் குழாய்க்குள் தவழ்ந்து போய், விழுந்த செங்கல்லையும் மணலையும் எடுத்துவிட்டு, பலகையும் முட்டும் கொடுக்கவேண்டும். அதன் பிறகு கொத்தனார் மேலே இருந்து கட்டுவார். உள்ளே போகும் ஆள் சின்னான். குடிசைப் பக்கத்தவன், முனிசிபாலிடித் தோட்டி. அவன் மனைவி பாவாயி எனக்கு வேண்டியவள். நிறைமாதம். அவளை வாரம் ஒரு தடவை பார்த்து வந்தேன்.

அன்று சாயங்காலமே ஓடைக்கரையில் எல்லாரும் கூடினோம். மேட்டுத்தெருக் கவுன்சிலரும் வந்திருந்தார். சின்னான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குழாய் வாயைப் பார்த்தான்.

"முன்னெல்லாம் இதுக்குள்ள எறங்கறதுக்கு முந்தி ஒரு மொந்தை ஊத்திக்குவோமுங்க. இப்பக் கள்ளுக்கடையச் சாத்திப்போட்டாங்க. இந்தக் கடையத்தான் சாத்தக் காணோம்" என்றான். நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்த சமயம் அது.

"வாய் மட்டும் கொறச்சலில்லை" என்றார் கவுன்சிலர்.

"மூக்க மூடிக்கிட்டுப் போறமுங்க, வாயாவது தொறந்திருக்கட்டும்."

ஓவர்சீயர் விஷயத்தைச் சொன்னார். குழாய் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கி அடைக்கலாம். ஆனால் அது தேங்கி நிற்பதைத்தான் தாங்கும். மேலே இருந்து புதுத் தண்ணீர் வந்தால் மூட்டை பிய்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஆளால் திரும்பி வர முடியாது. ஆகையால் வேலை முடியும்வரை மேட்டுத்தெருவில் ஒரு வீட்டிலும் சாக்கடையில் தண்ணீர் விடக்கூடாது.

"அது ஆகிற காரியமா?" என்றார் கவுன்சிலர். "எங்க தெருப் பொம்பளைங்ககிட்டப் போயி, ஒரு தோட்டி உள்ள எறங்கறான், நீங்க தண்ணி ஊத்தாதீங்கன்னா கேப்பாங்களா? அதுக்கெல்லாம் ஒரு வழி இருக்குது. தெரு மொனையில வேப்பிலையக் கட்டி, அம்மை கண்டிருக்குதுன்னு தண்டோராப் போட்டுருவோம். ஒரு ஊட்டுல துணி தொவைக்க மாட்டாங்க, தலைக்கு ஊத்த மாட்டாங்க. சும்மா பொழுது எறங்கற வரைக்குந்தானே?"

ஓவர்சீயர் தலையாட்டினார். மற்றவர்களும் நல்ல யோசனை என்றார்கள்.

"ஐயா, வேண்டாங்க" என்றேன். "அம்மை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், குத்திக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாய்ச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். இந்தப் பொய் தெரிந்தால் அடுத்து நிஜமாக வரும்போது என்னை யார் உள்ளே விடுவார்கள்?"

"ஒரு உசுரு பெருசா, உங்க பேரு பெருசாங்க நர்சம்மா?"

உங்களுக்கும் யாராவது ஒருநாள் இப்படிக் கேட்பார்கள். கேட்கும்போது நியாயம் அவர்கள் பக்கம் இருப்பது போலவே இருக்கும். பொய் சொன்னால் தெரு முழுதும் அடங்கிவிடும். உண்மையைச் சொன்னால் யாராவது ஒருத்தி மறந்தோ, மதிக்காமலோ ஒரு அண்டாவைக் கவிழ்த்துவிட்டால்? நான் சின்னானையே பார்த்தேன்.

"என்னைக் கேட்டா என்னுங்க சொல்லட்டும்? பொய்யோ நெசமோ, எனக்குத் தண்ணி வராம இருந்தாச் செரி" என்றான்.

பாவாயி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். அவள் என்னையே பார்த்தாள்.

"இன்றைக்கு ராத்திரிக்குள் நானே எல்லா வீட்டுக்கும் போய் உள்ளதைச் சொல்கிறேன். எத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றேன்.

கவுன்சிலர் சிரித்தார். "போங்க, போங்க. எங்கூட்டை நான் பாத்துக்கறேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் மேட்டுத்தெருவுக்குள் போனேன். முதல் வீட்டிலேயே, "தண்ணி ஊத்தக் கூடாதுன்னா பாத்திரத்த உங்க மடியிலயா கழுவறது?" என்று ஒருத்தி கேட்க, பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு, "நீங்கள் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்து பிள்ளை பெற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. யாரும் அவர்களுக்குச் சொன்னதே இல்லை. ஓடைக்கு அடியில் நாளைக் காலையில் ஓர் ஆள் இருப்பான், அவன் மனைவிக்கு நிறைமாதம் என்றேன்.

சிரித்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "சாம்பலைப் போட்டுத் தொடச்சு வெச்சர்லாம் உடுங்க, ஒரு நாளைக்கு என்ன கெட்டுப் போச்சு" என்றாள்.

எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. "அவிய வேலையே அதுதானே?" என்று கேட்ட ஒரு கிழவரிடம் நான் சொன்ன பதில் மரியாதையாக இல்லை. ஆனாலும் பெரும்பாலும் சரி என்றார்கள். கவுன்சிலர் வீட்டம்மா செல்லம்மாள் மட்டும் மல்லசமுத்திரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். காலையில்தான் வருவார் என்றார்கள். தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கவுன்சிலர் சொன்னாரே என்று விட்டுவிட்டேன். ஓவர்சீயரிடம், தெரு ஒத்துக்கொண்டது, வேப்பிலை தேவையில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடைக்குப் போனேன். மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கடை முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. சின்னான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். அவன் பாதம் கடைசியாக மறைந்த பிறகு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. தெருவை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஏறினேன். தெரு ஆரம்பிக்கும் இடத்தில், சாக்கடை மதகின் பக்கம் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் குடிசைக்காரர்கள் நடக்கக் கூடாது. சாக்கடை காய்ந்திருக்கிறதா என்று காவல் பார்க்க வந்திருக்கிறாள்.

"வெய்யில்ல நிக்காதே, வீட்டுக்குப் போ" என்றேன்.

"ஊட்டுல குந்தியிருக்க முடியலீங்க சாமி."

நிமிர்ந்து பார்த்தேன். தெரு முனையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது.

யாரைக் கேட்டுக் கட்டினார்கள்? பெண்கள் கொடுத்த வார்த்தை கவுன்சிலருக்குப் போதவில்லை. தன் பண்ணையாளை விட்டு விடியும்போதே கட்டச் சொல்லி, தண்டோராவும் போட்டுவிட்டார். சரி, போகட்டும், தண்ணீர் வராமல் இருந்தால் சரி என்று சின்னான் சொன்னது போலவே எனக்கும் ஒரு கணம் தோன்றிற்று. அப்போதுதான் கோவில் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது.

நம் பக்கத்துப் பெண்களாகிய உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அம்மை கண்டால் துணி துவைக்கமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள் என்பது ஆண்களுக்குத் தெரியும். அது அவர்களுடைய சாப்பாட்டையும் வேட்டியையும் தொடும் விஷயம். அம்மன் குளிர வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சேமித்து வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து, ஈரப் புடவையோடு குடம் குடமாகக் கொண்டுபோய்க் கோவில் முன்னால் இருக்கும் சூலக்கல்லில் ஊற்றுவது பெண்கள். கவுன்சிலர் அதை வருஷா வருஷம் பார்த்தவர்தான். ஆனால் பூஜைத் தண்ணீர் அவர் கணக்கில் தண்ணீரே இல்லை. முந்தின நாள் அங்கே நின்ற எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ஊரிலேயே பெரிய சாக்கடை கோவில் சாக்கடை.

"நர்சம்மா! தண்ணி வருது!" என்று பின்னால் பாவாயி அலறினாள். அவள் காலடியில் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது. இரண்டு வேலை, இரண்டு பேர். ஒருவர் ஓடைக்கு ஓடிக் கயிற்றை இழுக்கச் சொல்லவேண்டும். ஒருவர் கோவிலில் பெண்களை நிறுத்தவேண்டும். பாவாயி கோவிலுக்கு வரமுடியாது. வந்தால் தண்ணீரை விட்டுவிட்டு அவளை அடிக்க வருவார்கள். அப்படியென்றால் ஓட வேண்டியது அவள். நிறைமாதக்காரி வேகமாக நடக்கக்கூடக் கூடாது என்று வாரா வாரம் அவளுக்குச் சொன்னவள் நான்.

"ஓடு பாவாயி" என்றேன்.

நான் சொல்வதற்கு முன்பே அவள் திரும்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருப்பதால் அப்படி நினைக்கிறேனோ என்னவோ.

கோவிலுக்கு ஓடினேன். இருபது முப்பது பெண்கள் இருந்தார்கள். முதல் வரிசை ஊற்றிவிட்டு அடுத்த குடத்துக்குப் போகிறது. நேற்று எனக்குச் சரி என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். அம்மன் வந்த பிறகு குழாயாவது ஒன்றாவது! சூலக்கல்லுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். எதிரே பித்தளைக் குடத்தோடு வந்தது செல்லம்மாள். வண்டியை விட்டு இறங்கியதும் தண்டோராவைக் கேட்டு, வீட்டுக்குள் போகாமலே, வாசல் தொட்டியில் நனைந்து குடத்தை நிரப்பிக்கொண்டு ஈரப் புடவையோடு வந்திருந்தார்.

"நகருங்க" என்றார்.

"அம்மா, அம்மை வரவில்லை. இது பொய். ஓடைக்கு அடியில் ஓர் ஆள் இருக்கிறான். இந்தத் தண்ணீர் அவன் மேல்தான் போகும்."

"அம்மனையே பொய்ங்கறியா? உன்ற புள்ளைக்குப் போட்டப்ப இதே கல்லுக்கு நீயுந்தானே தண்ணி எடுத்தே? அப்பப் படிச்ச படிப்பு எங்க போச்சு?"

சிரித்தார்கள். அது நிஜம். மகளுக்கு நீர்க்கொளுவான் அம்மை போட்டபோது நானும் குடம் சுமந்தேன். பிள்ளை கண் திறக்காமல் கிடக்கும்போது படிப்பு எங்கேயோ போய்விடுகிறது. பால் கட்டி ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் வெட்கமாகவும் இருந்தது.

"எடுத்தேன்" என்றேன். "இன்றைக்கும் நிஜமாக வந்திருந்தால் உங்களோடு சேர்ந்து எடுப்பேன். எந்த வீட்டில் கண்டிருக்கிறது? எந்தக் குழந்தைக்கு? பேரைச் சொல்லுங்கள், இப்பொழுதே போய்ப் பார்க்கிறேன்."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "கடைசி ஊடுன்னாங்க" என்றது ஒரு குரல். "இல்லீங்க, எங்கூட்டுல ஆருக்கும் இல்லீங்க" என்றாள் கடைசி வீட்டுக்காரி. வரிசை நின்றது. குடத்திலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

செல்லம்மாளுக்கு ஒரே ஒரு மகள் இருந்தாள். நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன் அம்மையில் போய்விட்டாள். எந்த வீடு, எந்தப் பிள்ளை என்று கேட்காமலே அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததற்குக் காரணம் அதுதான். அவர் சுற்றிலும் பார்த்தார். கோவில் மதில் ஓரமாக அவர்களுடைய பண்ணையாள் காளி ஒதுங்கி நின்றான்.

"காளி, தோரணம் ஆரு கட்டுனது?"

"நானுங்க."

"ஆரு கட்டச் சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஐயாதானுங்க ஆத்தா. பொம்பளைங்க தண்ணி பொழங்காம இருக்கோணும்னு..."

அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் அப்படியே இருத்திக்கொண்டு, தெருவில் இறங்கி ஓடையை நோக்கி நடந்தார். மற்றவர்களும் குடங்களோடு பின்னால் வந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் ஓடினேன்.

பாவாயியின் குரல் கேட்டுக் கயிற்றை இழுத்திருக்கிறார்கள். சின்னான் வெளியே வருவதற்கும் மூட்டை பிய்வதற்கும் சரியாக இருந்தது. தலையை முட்டி, வாயெல்லாம் கழிவு நிறைந்து, மணலில் குப்புறக் கிடந்து கக்கிக்கொண்டிருந்தான். பாவாயி பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளை அசைந்தது. நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அதான் ஆள் வெளிய வந்துட்டானே. மூட்டைய மறுக்கா வையுங்க" என்று கவுன்சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லம்மாள் அவர் முன்னால் போய் நின்றார். "இந்தத் தண்ணிய எங்கீங்க ஊத்தட்டும்?"

"என்ன பேச்சு இது? ஊட்டுக்குப் போ."

"எங்கிட்டயும் சொல்லத் தோணலீங்களா? அந்த வேப்பிலைய நம்மூட்டு வாசல்ல கட்டியிருந்தப்ப உள்ள ஆரு கெடந்தான்னு மறந்துட்டீங்களா?"

அத்தனை ஆட்கள் பார்க்கிறார்களே என்றுதான் கவுன்சிலர் முகத்தில் இருந்தது. அதைத் தவிர வேறு ஏதாவது இருந்ததா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

"ஊட்டுக்குப் போனா ஏதாச்சும் கழுவுவோம், ஊத்துவோம். இங்கயே நிக்கறோம். வேலை முடிஞ்சு அந்த ஆளு வெளிய வார வரைக்கும் நாங்க ஆரும் நகரப் போறதில்ல" என்று அந்த அம்மாள் குடத்தை மணலில் வைத்தார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

வேலை பாதியில் நின்றிருந்தது. மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆமாம், அவனேதான் மறுபடியும் இறங்கவேண்டும். இறங்குகிறாயா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"நான் போகாட்டி இன்னொருத்தன எறக்குவாங்க. எனக்குப் பாதி முடிஞ்சுது, அவனுக்கு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்" என்று வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு கரையில் நின்ற பெண்களைப் பார்த்து, "இத்தன பேரு வேடிக்க பாக்க வந்திருக்கீங்க, கண்ணாலத்துக்குக் கூட எனக்கு இவ்வளவு கூட்டம் இல்லீங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பாவாயி மட்டும் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் மழை கொட்டி ஓடையில் தண்ணீர் வந்தது. புது வளைவு தாங்கியது. குடிசைகளில் பேதி நின்றது. பாவாயிக்கு அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. முனிசிபாலிடிக் கூட்டத்தில் கவுன்சிலருக்கு நன்றி சொன்னார்கள். நிறைமாதக்காரியை ஓடச் சொன்னதற்கும், கோவிலில் தகராறு செய்ததற்கும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். சின்னானைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஆறாதது அந்த ஒரு பொய் மட்டுமில்லை. ஒரு மனிதன் உங்கள் கழிவுக்குள் இறங்குகிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று பெண்களிடம் வாய்விட்டுச் சொல்வதைவிட, சாமியைத் தெருவுக்கு இழுப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. உங்களிடமும் வருவார்கள். தாய்மார்களின் நன்மைக்காகவே ஒரு சின்னப் பொய் சொல்லுங்கள் என்பார்கள். அப்போது தயங்குங்கள். என்னைப் போல இரண்டு மனமாக இருந்தாலும் பரவாயில்லை, தயங்குங்கள். முதலில் போய் உள்ளதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி அந்த ஓடைக்கரை. மேலே கொத்தனார் கடைசிக் கல்லை வைக்கும்வரை பெண்கள் வெய்யிலில் நின்றார்கள். ஒரு குழந்தை அழுததற்கு அங்கேயே பால் கொடுத்தார்கள். சின்னான் வெளியே வந்தபோது கண் மட்டும்தான் தெரிந்தது. கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கியவனிடம் செல்லம்மாள், "கையி வெக்காதே, நில்லு" என்றார். குடத்தைத் தூக்கி, கரை மேட்டில் நின்றபடி, மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார். அடுத்தவளும் ஊற்றினாள். தண்ணீர் மணலில் இறங்கிற்று.

இதைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவர்கள் மேட்டிலிருந்து கீழே இறங்கவில்லை. தள்ளி நின்றுதான் ஊற்றினார்கள். ஊற்றிய குடங்களை வீட்டுக்கு எடுத்துப் போகவும் இல்லை. தோட்டிக்கு ஊற்றிய குடம் இனிமேல் அடுப்படிக்கு ஆகாது என்று அங்கேயே மணலில் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஏறிப் போனார்கள். செல்லம்மாளும் அப்படியே போனார்.

எல்லாம் மண் குடங்கள். அவருடையது மட்டும் பித்தளை. பாவாயி எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கனமான கொடமுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த வயிற்றோடு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கனம் தூக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை.